பான்கிசிப் பள்ளத்தாக்கில் ஆறு நாட்கள்

4 அக்டோபர் 2022, செவ்வாய், திபிலிசி

ஷார்ஜாவில் விமானம் மாறி, இன்று காலை ஜார்ஜியத் தலைநகர் திபிலிசி வந்து சேர்ந்தேன். தெருவெங்கும் உக்ரைன் கொடி. அதே தெருவெங்கும் ரஷ்ய மொழி. செப்டம்பர் 21ஆம் தேதி மாஸ்கோ படைக்கு ஆள் சேர்ப்பதாக அறிவித்ததிலிருந்து ரஷ்யா-ஜார்ஜியா இடையிலான லார்ஸ் எல்லை வழியாக இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருக்கிறார்கள். தங்க இடம் கிடைப்பது பெரும்பாடு. எங்கள் குழுவின் வழக்கறிஞர் தன் வீட்டு வரவேற்பறையிலேயே எனக்குப் படுக்கை போட்டுவிட்டார்.

குழு என்று சொன்னேன் இல்லையா, அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நான் சென்னையில் ரஷ்யக் கலாச்சார மையத்தில் ரஷ்யன் படித்தவள். பதினைந்து வருடமாக மொழிபெயர்ப்புதான் தொழில். இரண்டு வருடம் முன்பு ஒரு தோழி மூலம் இந்த வேலை வந்தது. ரஷ்யாவுக்குள் இருக்கும் செச்சன்யாவில் நடந்த இரண்டு போர்களில் வீட்டு ஆளைப் பறிகொடுத்த குடும்பங்களின் காகிதங்களை மொழிபெயர்ப்பது. சம்பளம் கிடையாது, யாருக்குமே கிடையாது. திபிலிசியில் ஒரு வழக்கறிஞர், வார்சாவில் சட்டம் படிக்கும் ஒரு பையன், ஆஸ்லோவில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், வியன்னாவில் ஒரு செச்சன் அக்கா, அப்புறம் நான். இன்னும் நாலைந்து பேர் நேரம் கிடைக்கும்போது கைகொடுப்பார்கள். இத்தனை நாளும் திரையில் மட்டும் பார்த்துக்கொண்டவர்கள், இந்த வாரம் முதல் முறையாக ஒரே இடத்தில் உட்காரப் போகிறோம். அக்காவுக்குப் பயணப் பத்திரம் கிடைக்கவில்லை, அவர் மட்டும் தொலைபேசியில்.

அவசரமாகக் கூட வேண்டிய காரணமும் இருக்கிறது. செப்டம்பர் 16ஆம் தேதியோடு ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்திலிருந்து ரஷ்யா வெளியேறிவிட்டது. செச்சன் குடும்பங்களுக்கு அந்த ஒப்பந்தத்தின் கீழ் இயங்கும் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம்தான் கடைசிப் படி. 2005 பிப்ரவரியில் முதல் தீர்ப்புகள் வந்தன. அதிலிருந்து செச்சன்யா தொடர்பாக மட்டும் 250க்கும் மேற்பட்ட தீர்ப்புகள். செப்டம்பர் 16க்கு முன் நடந்தவற்றை நீதிமன்றம் இனியும் விசாரிக்கலாம். ஆனால் தீர்ப்பை நிறைவேற்ற வேண்டியதில்லை என்று ரஷ்யா ஜூன் மாதமே தன் நாட்டில் சட்டம் போட்டுவிட்டது. இனி எந்த வாசலுக்குப் போவது என்று எங்களிடம் கேட்கிறார்கள். பதில் தெரிந்துகொண்டு போக வேண்டாமா?

5 அக்டோபர், புதன், துயிசி

கோம்போரி மலைப்பாதை வழியாக மார்ஷ்ருட்காவில் மூன்று மணி நேரத்துக்கு மேல். மார்ஷ்ருட்கா என்பது நம் ஊர் ஷேர் வேன் மாதிரி, ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். ஜார்ஜியாவின் ககேத்தியா பகுதியில் திராட்சை அறுவடை நேரம். முன்னால் போன லாரியிலிருந்து சாறு சொட்டிச் சாலை முழுக்கக் கறுப்புக் கோடு. அலாவெர்டி தேவாலயம் தாண்டி, அக்மேத்தா தாண்டி, அலசானி ஆற்றை ஒட்டிப் போனால் பான்கிசி. அதில் ஓர் ஊர்தான் துயிசி. பள்ளத்தாக்கு என்றதும் இருண்ட மலை இடுக்கை நினைத்திருந்தேன். வந்து பார்த்தால் சமவெளி, வால்நட் மரங்கள், சாலையில் படுத்திருக்கும் மாடுகள். வடக்கே மட்டும் மலைச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் செச்சன்யா.

இங்கிருப்பவர்கள் கிஸ்துகள். 19ஆம் நூற்றாண்டில் மலை தாண்டி வந்து குடியேறிய செச்சன் வழியினர். பேச்சு செச்சன், குடும்பப் பெயர் ஜார்ஜிய முறையில் 'ஷ்விலி' என்று முடியும். 1944 பிப்ரவரி 23 அன்று ஸ்டாலின் ஆட்சி செச்சன், இங்குஷ் மக்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரைச் சரக்கு ரயிலில் ஏற்றி மத்திய ஆசியாவுக்கு நாடு கடத்தியபோது, ஜார்ஜியாவில் இருந்ததால் இவர்கள் தப்பினார்கள்.

1999இல் இரண்டாம் போர் தொடங்கியதும் அந்த மலைச் சுவர் வழியாகத்தான் மக்கள் வந்தார்கள், செச்சன்யாவின் இடும்-காலேயிலிருந்து ஜார்ஜியாவின் ஷாட்டிலிக்கு வரும் பாதையில். டிசம்பரில் ரஷ்யப் படையினர் வான்வழியாக வந்து இறங்கி அதை அடைத்துவிட்டார்கள். அதற்குள் வந்து சேர்ந்தவர்கள் ஏழெட்டாயிரம் பேர். ஊரில் ஏற்கெனவே இருந்தவர்களும் ஏறத்தாழ அவ்வளவுதான். பள்ளிக்கூடம், பழைய ஆஸ்பத்திரி, மாட்டுக் கொட்டகை எல்லாவற்றிலும் குடும்பங்கள். நான் தங்கியிருக்கும் வீட்டில் அந்தக் குளிர்காலத்தில் மூன்று குடும்பங்கள் இருந்ததாம். எங்கள் குழுவில் உள்ளூர் வேலையைப் பார்க்கும் ஆங்கில ஆசிரியை இந்த வீட்டுப் பெண். "எனக்கு அப்போ நாலு வயசு. திடீர்னு வீடு நிறைய அக்கா தங்கச்சிகள். போர்னு தெரியாது, திருவிழான்னு நினைச்சேன்" என்றாள்.

வாசலில் அவள் அம்மா சொன்ன வரவேற்பை எழுதி வைக்கிறேன்: "மார்ஷா யோகீலா." 'சுதந்திரமாக வா' என்று பொருள். வருகிற பெண்ணிடம் இப்படி, ஆணிடம் வேறு மாதிரி. செச்சன் மொழியில் 'வாருங்கள்' என்று சொல்வதற்கே விடுதலை என்ற சொல் வேண்டியிருக்கிறது.

இரவு ஹிங்கல்ஷ். பூசணிக்காயை மசித்து உள்ளே வைத்த மெல்லிய ரொட்டி, மேலே உருக்கிய வெண்ணெய். நாலு சாப்பிட்டேன்.

6 அக்டோபர், வியாழன், துயிசி

இன்று ஒரே ஒரு வீடு. காலை பத்து மணிக்குப் போனோம், திரும்பும்போது இருட்டிவிட்டது.

அந்த அம்மாவுக்கு 70 வயது. பிறந்தது கஜகஸ்தானில். அவர் தலைமுறை செச்சன்களின் பிறப்புச் சான்றிதழை எடுத்தால் பலருக்கு அப்படித்தான் இருக்கும். 1957இல்தான் ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. அம்மாவை செச்சனில் 'நானா' என்பார்கள். எங்கள் பக்கத்துக் கடலோர முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படிக் கூப்பிட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். முதல் தடவை சொல்லும்போது நாக்குக் கொஞ்சம் தயங்கியது. அப்புறம் பழகிவிட்டது.

1999 அக்டோபரில் இரண்டு பெண் பிள்ளைகளோடு நானா மலையேறி வந்தார். மூத்த மகன் படுக்கையில் கிடந்த பாட்டியை விட்டுவர மாட்டேன் என்று அங்கேயே தங்கிவிட்டான். 2001இல் ஒரு விடியற்காலை ஊரில் சாச்சிஸ்ட்கா. 'துப்புரவு' என்று பொருள். ஊரைச் சுற்றி வளைத்து வீடு வீடாகப் புகுந்து ஆண்களை இழுத்துப் போவதற்கு அந்தப் பெயர். கவச வண்டி வந்தது, எண்ணைச் சேறு பூசி மறைத்திருந்தார்கள். வந்தவர்கள் முகமூடி போட்டிருந்தார்கள். பாட்டி பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் தெரியும்.

நானா ஒரு பிளாஸ்டிக் கோப்பைக் கொண்டு வந்தார். மூலை கிழிந்து, பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. மேசையைத் துணியால் துடைத்து, ஈரம் காயும் வரை காத்திருந்து, அப்புறம்தான் திறந்தார். உள்ளே பதினோரு கடிதங்கள். ஊரில் இருந்த மைத்துனர் அரசு வழக்குரைஞர் அலுவலகங்களுக்கு எழுதிய மனுக்களுக்கு வந்த பதில்கள். வருவோர் போவோர் கையில் கொடுத்தனுப்பி ஒவ்வொன்றாக இங்கே வந்து சேர்ந்தவை. முதலாவது 2001, கடைசி 2009. அலுவலகம் மாறியிருக்கிறது, கையெழுத்து மாறியிருக்கிறது, முத்திரை மாறியிருக்கிறது. வாக்கியம் மட்டும் மாறவில்லை: கடத்தல் குறித்து வழக்குப் பதிவு செய்யப்பட்டது, குற்றவாளிகளை அடையாளம் காண இயலாததால் விசாரணை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. பதினோரு முறை நான் அதையே மொழிபெயர்த்தேன். நாலாவதுக்குப் பிறகு முந்தையதிலிருந்து நகல் எடுத்து ஒட்டியிருக்கலாம். செய்யவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் போரில் மட்டும் இப்படிக் காணாமல் போனவர்கள் 3,000 முதல் 5,000 பேர் என்பது மெமோரியல் என்ற ரஷ்ய மனித உரிமை அமைப்பின் கணக்கு. செச்சன்யாவின் ஒரு பகுதியில்தான் அவர்களால் நேரில் போய்ப் பதிவு செய்ய முடிந்தது. காணாமல் போவது தனித்தனிச் சம்பவம் அல்ல, அமைப்பு முறையிலேயே உள்ள கோளாறு என்று 2012 டிசம்பரில் அஸ்லகானோவா வழக்கில் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றமே சொன்னது. நானாவின் கோப்பு அந்த நீதிமன்றத்துக்குப் போகவே இல்லை. போகலாம் என்று அவருக்குத் தெரிந்தபோது ரொம்பத் தாமதம். காணாமல் போன வழக்கிலும் குடும்பம் காலவரையின்றிக் காத்திருக்க முடியாது, பத்து வருடத்துக்கு மேல் ஆனால் தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும் என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. பதினோரு கடிதத்தில் ஒன்றாவது வந்த நேரத்தில், ரஷ்யச் சட்டம் தெரிந்த ஒரு ஆள் இந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் போதும். எனக்கு ஆத்திரம் வருவது அதை நினைத்துத்தான். இவர்களுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. அது இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து சொல்ல ஆள் இல்லை.

இப்போது நாங்கள் நிரப்புவது ஜெனிவாவுக்கான படிவம். வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய ஐ.நா. பணிக்குழு, 1980 முதல் இயங்குகிறது. அங்கே காலக்கெடு இல்லை, உள்நாட்டு நீதிமன்றங்களை முடித்துவிட்டு வா என்ற நிபந்தனையும் இல்லை. தண்டனை கொடுக்கும் அதிகாரமும் இல்லை. அந்த அரசிடம் 'இந்த ஆள் எங்கே?' என்று கேட்கும், பதில் தெரியும்வரை பெயரைப் பட்டியலில் வைத்திருக்கும். இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான பெயர்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சி சாலையோரத்தில் பிள்ளைகளின் படத்தோடு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களைப் பற்றி நானாவிடம் சொன்னேன். "அங்கேயும் வெள்ளைத் தலைமுடிக்காரிகள்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

முதல் கட்டத்திலேயே சிக்கல். பெயர். வீட்டில் மொஹ்மத் என்று கூப்பிடுகிற பிள்ளை ரஷ்யக் காகிதத்தில் மாகமெத் ஆகிவிடுவான், ரஷ்யனில் 'ஹ' ஒலி கிடையாது. (உதாரணத்துக்குச் சொல்கிறேன், நானா மகனின் பெயர் இது அல்ல.) ஒரு கடிதத்தில் தகப்பன் பெயர் நடுவில் இருக்கிறது, இன்னொன்றில் விட்டுப்போயிருக்கிறது. மூன்றாவதில் குடும்பப் பெயரில் ஓர் எழுத்து தப்பு. அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு பிள்ளை மூன்று பேராகிவிடுவான், மூன்று பேருமே இல்லாதவர்களாகிவிடுவார்கள். அப்பா பெயரை இனிஷியலாக வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' கட்டத்துக்கு முன் விழித்த அனுபவம் நம்மில் எல்லோருக்கும் உண்டு. அதனால் பொறுமையாகச் செய்தேன். நானா எழுத்தெழுத்தாகச் சொல்ல, நான் செச்சன், ரஷ்யன், ஆங்கிலம் என்று மூன்று வரியில் எழுதிக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றையும் படித்தார். செச்சன் வரியில் ஓர் எழுத்தைத் திருத்தினார்.

இறந்துவிட்டதாக அறிவிக்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போட்டால் ஏதாவது உதவித்தொகை வரும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். போடவில்லை. தெஸெத் என்கிற துக்க வீடும் நடத்தவில்லை. இருபத்தோரு வருடமாக அந்த வீட்டில் யாரும் வந்து கையேந்தித் துவா செய்து துக்கம் கேட்டதில்லை. "உடம்பைப் பார்க்காமல் நான் எப்படி அம்மா கதவைத் திறந்து வைப்பேன்?" என்றார்.

7 அக்டோபர், வெள்ளி, துயிசி

வெள்ளிக்கிழமை நண்பகல் பழைய மசூதியில் பெண்களின் சிக்ர். செங்கல்லால் கட்டிய சின்ன மசூதி, நூறு வருடத்துக்கு மேல் பழையது. வட்டமாக நின்று, கை தட்டி, இறைவன் பெயரை ஓதிச் சுற்றி வருகிறார்கள். முதலில் மெல்ல, அப்புறம் மரத்தரை அதிர. குந்தா ஹாஜி என்ற 19ஆம் நூற்றாண்டு சூஃபி வழி இது. ஜார் படைகளோடு போர் நடந்த காலத்தில், ஆயுதத்தைக் கீழே போடுங்கள், மக்கள் மிஞ்ச வேண்டும் என்று சொன்னவர். 1864இல் ஜார் அரசு அவரையே கைது செய்து நாடு கடத்தியது. நானாவும் வட்டத்தில் இருந்தார். மேசை முன் பார்த்த ஆள் இல்லை, முதுகு நிமிர்ந்திருந்தது.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது ஆசிரியையின் தொலைபேசி விடாமல் அடித்தது. அமைதிக்கான நோபல் பரிசு மெமோரியலுக்கு, பெலாரஸ் நாட்டின் அலெஸ் பியாலியாத்ஸ்கி, உக்ரைனின் குடிமை உரிமை மையம் இவர்களோடு சேர்த்து. மெமோரியலைக் கலைக்க ரஷ்ய உச்ச நீதிமன்றம் போன டிசம்பரில்தான் உத்தரவிட்டது. செச்சன் தலைநகர் க்ரோஸ்னியில் அந்த அமைப்புக்காக வேலை செய்த நத்தாலியா எஸ்தெமீரவாவை 2009 ஜூலை 15 காலை வீட்டு வாசலில் வைத்துக் கடத்தி அன்றைக்கே கொன்றார்கள். செச்சன் போர் பற்றி எழுதிய பத்திரிகையாளர் அன்னா பொலித்கோவ்ஸ்கயாவை மாஸ்கோவில் சுட்டுக் கொன்றதும் இதே அக்டோபர் 7ஆம் தேதி, 2006இல். வழக்கறிஞர் அழுதுவிட்டார். நானும்தான். மசூதி வாசலில் விஷயம் பரவியது. ஒரு வயதான அம்மா, "நத்தாஷாவுக்குக் கொடுத்தார்களா?" என்று கேட்டார். நத்தாலியாவைத்தான் அப்படிச் செல்லமாகச் சொன்னார். ஆமாம் என்று சொல்லிவிட்டோம். மாலையில் இன்னொரு செய்தி வந்தது: மெமோரியலின் மாஸ்கோ அலுவலகத்தை அரசுடைமை ஆக்க அதே நாளில் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

இரவு எங்கள் கூட்டம். சண்டை போட்டோம் என்றே சொல்ல வேண்டும். வார்சா பையன், இப்போதுதான் உலகம் திரும்பிப் பார்க்கிறது, குடும்பங்களின் படத்தோடும் குரலோடும் பெரிய அளவில் பிரச்சாரம் செய்யலாம் என்றான். அவன் காட்டிய உதாரணம் பஸோர்கினா வழக்கு. 2000 பிப்ரவரியில் பிடிபட்ட மகனை ஒரு ரஷ்யத் தளபதி விசாரித்து, கொன்றுவிடச் சொல்வதைத் தொலைக்காட்சிச் செய்தியில் பார்த்தார் அந்தத் தாய். அந்தப் படப்பதிவுதான் 2006 தீர்ப்புக்கு முக்கியச் சாட்சி. காணாமல் ஆக்கப்பட்ட செச்சன் வழக்குகளில் முதல் தீர்ப்பு. ஆக, படம் வலிமையானது என்பது அவன் வாதம்.

வியன்னா அக்கா ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "செச்சன்யா ஆட்சியாளர்கள் செய்த சித்திரவதை பற்றி உமர் இஸ்ராயிலோவ் சாட்சி சொன்னான். நான் இருக்கிற ஊரில், பட்டப்பகலில், தெருவில் சுட்டார்கள். 2009 ஜனவரி. நீ படம் போடுவாய் தம்பி. அங்கே ஊரில் அந்தக் குடும்பத்தின் வீட்டை எரிப்பார்கள்." அவர் மிகைப்படுத்தவில்லை. 2014 டிசம்பரில் க்ரோஸ்னியில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு, சந்தேகப்பட்டவர்களின் உறவினர் வீடுகளை எரித்தார்கள். அதைக் கண்டித்த மனித உரிமைக் குழுவின் அலுவலகமும் எரிந்தது.

நான் அக்கா பக்கம். படம் வேண்டாம் என்பதல்ல. யாருடைய படம், யார் சம்மதம், அங்கே யார் மிச்சம் இருக்கிறார்கள் என்பதைக் கேட்காமல் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. போன வருடம் தந்த சம்மதம் இந்த வருடத்துக்குச் செல்லாது, அங்கே நிலைமை மாறியிருக்கும். இதில் வழி காட்டியவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். எஸ்தெமீரவா கொலைக்குப் பிறகு உருவான கூட்டு நடமாடும் குழுவில், செச்சன்யாவுக்கு வெளியே பிற நகரங்களைச் சேர்ந்த வழக்கறிஞர்கள் மாதக்கணக்கில் முறை வைத்துப் போய் வேலை செய்தார்கள். ஒருவர் முடித்துப் போனால் அடுத்தவர். வெளியூர்க்காரர்கள் என்பதால் உள்ளூர் ஆள் மாட்ட மாட்டார், ஒரே முகமும் இலக்காகாது. எங்கள் வேலையும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று முடிவானது. ஒரு கோப்புக்கு இரண்டு பேர் பொறுப்பு. பெயர்கள் ஒரு பட்டியலில், எண்கள் இன்னொன்றில், இரண்டும் ஒரே கையில் இருக்காது. ஊருக்கு நாங்களாகத் தொலைபேசி செய்ய மாட்டோம். வார்சா பையன் கடைசியில் ஒத்துக்கொண்டான், முகம் மட்டும் சரியாகவில்லை.

8 அக்டோபர், சனி, துயிசி

விடாத மழை. பாதி நாள் கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மூன்று படிவங்கள் முடித்தோம். ஒரு வீட்டில், கோப்பு எல்லாம் தயாரான பிறகு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பேரன் இன்னும் அங்கே படிக்கிறானாம். எல்லாவற்றையும் அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, கணினியில் இருந்ததையும் அவர்கள் முன்னாலேயே அழித்தேன்.

9 அக்டோபர், ஞாயிறு, திபிலிசி

காலை மார்ஷ்ருட்கா ஏறும் இடத்துக்கு நானா வந்தார். செய்தித்தாளில் சுற்றிய ஹிங்கல்ஷ் இன்னும் சூடாக இருந்தது. ஜெனிவாவுக்குப் போகும் படிவத்தின் நகலை அவர் கோப்பிலேயே வைத்திருந்தோம், பன்னிரண்டாவது காகிதமாக. "பதில் வருமா?" என்று கேட்டார். கடிதம் கிடைத்தது என்ற பதில் வரும், அதற்கே மாதக்கணக்காகலாம், ரஷ்யா என்ன சொல்லும் என்று என்னால் சொல்ல முடியாது என்றேன். தலையாட்டினார். "சரி, அவன் பெயரைத் தப்பில்லாமல் எழுதியிருக்கிறோம்" என்றார்.

திரும்பும் வழி முழுக்க அடுத்த கட்டக் கணக்குத்தான். கையில் பதினான்கு கோப்புகள். அதில் ஒன்பது தட்டச்சு, அவற்றை நானும் ஆஸ்லோ ஆசிரியையும் பார்த்துக்கொள்வோம். மீதி ஐந்தும் கையெழுத்து. ஊர் டாக்டர் எழுதிய காயச் சான்றிதழ், கிராம நிர்வாகியின் குறிப்பு, அக்கம்பக்கத்தார் சாட்சியம். ரஷ்யக் கையெழுத்து கொடுமையானது. சில எழுத்துகள் வரிசையாக வந்தால் வெறும் அலை அலையாக ஒரு கோடு மட்டும் தெரியும். டாக்டர் எழுதியது என்றால் கேட்கவே வேண்டாம்.

இங்கேதான் இதைப் படிக்கிற உங்களில் சிலரை நினைத்தேன். தமிழ்நாட்டிலிருந்து ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போனவர்கள் எத்தனை பேர்! அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளிச் சீட்டைப் படித்துப் பழகிய கண் உங்களுடையது. எனக்கு ஒரு நாள் பிடிக்கும் பக்கத்தை நீங்கள் கால் மணி நேரத்தில் படித்துவிடுவீர்கள். வாரம் இரண்டு மணி நேரம் போதும். பெயர் எதுவும் உங்களிடம் வராது, எண் மட்டும்தான். முதலில் வரப்போவது 7ஆம் எண் கோப்பு: 2000ஆம் ஆண்டு, நீல மையில், இரண்டு பக்கம். கீழே கையெழுத்துக்கு மேல் ஒரு வரி தண்ணீர் பட்டுக் கலைந்திருக்கிறது. அந்த வரியில்தான் தேதி இருக்க வேண்டும்.